சுழி பார்த்து வாங்க வேண்டிய சிந்தசைசர்

கண்ணபுரத்துச் சந்தையில் காங்கேயம் காளை வாங்க நிற்பவர், விற்பவர் அளக்கும் பெருமையைக் காதில் வாங்கிக்கொண்டே கண்ணுக்கு வேறு வேலை கொடுத்துக்கொண்டிருப்பார். பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நாலு எட்டு நடக்கவிட்டுக் குளம்பு ஊன்றும் விதத்தைக் கவனிப்பார். அதற்குப் பிறகுதான் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவார். மின்சுற்றுகளால் ஒலியை உருவாக்கும் கட்டைக் கருவியான சிந்தசைசரை, அதிலும் நாற்பது ஆண்டு பழைய அனலாக் வகையை, வாங்கப் போகிறவருக்கும் இதே வரிசைதான் பொருந்தும். ஆனால் நம்மில் பலர் பெயரையும் படத்தையும் பார்த்து மயங்கி, விலையில் தொடங்கி, பல்லை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு பார்க்கிறோம். நானும் அப்படித்தான் வாங்கினேன். அதற்கான கூலியையும் கொடுத்தேன். எனவே, ஒரு கருவி பெயர்பெற்ற மாடலா என்பதை மூன்றாவது கேள்வியாகவே வைத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டு மின்சாரம் அதற்கு ஒத்துவருமா, கெட்டுப்போனால் பக்கத்தில் பார்க்க ஆளும் மாற்றப் பொருளும் உண்டா என்ற இரண்டும் அதற்கு முன்னால் வர வேண்டியவை.

எது அனலாக்

கோயமுத்தூர், ஈரோடு, சேலம் வட்டாரத்தில் "பழைய சிந்தசைசர் இருக்கிறது" என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் அது அனலாக் கருவியாக இருக்காது. எண்பதுகளின் பிற்பகுதியிலும் தொண்ணூறுகளிலும் திருவிழா மெல்லிசை மேடைகளில் அதிகம் ஏறியவை டிஜிட்டல் கருவிகள். 1983இல் வந்த யமஹா டி.எக்ஸ்.7, 1987இல் வந்த ரோலண்டு டி-50, 1988இல் வந்த கொர்க் எம்1 ஆகியவை அருமையான கருவிகள்தாம். ஆனால் அவற்றில் ஒலி எண்களாகக் கணக்கிடப்பட்டுப் பிறக்கிறது. அனலாக் கருவியிலோ ஒலியே ஒரு மின்னழுத்தம். ஆசிலேட்டர் என்னும் சுற்று அந்த மின்னழுத்தத்தை அலையாக ஆட்டுகிறது, ஃபில்டர் அதன் மேல் பகுதிகளைச் சீவுகிறது, ஆம்ப்ளிஃபயர் அதைத் திறந்து மூடுகிறது. இந்த மூன்றையும் வேறு மின்னழுத்தங்களால் ஆட்டிவைக்கலாம் என்பதுதான் ராபர்ட் மூக் 1964இல் செய்துகாட்டிய அடிப்படை. அதைச் சுமந்து செல்லத்தக்க ஒரு பெட்டிக்குள் அடக்கிய மினிமூக் 1970இல் வந்தது.

முகப்பைப் பார்த்தே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு குமிழோ ஸ்லைடரோ இருந்தால் அது அனலாக்காக இருக்க வாய்ப்பு அதிகம். சின்னத் திரையும் எண் பொத்தான்களும் மட்டும் இருந்தால் டிஜிட்டலாக இருக்க வாய்ப்பு அதிகம். விதிவிலக்கும் உண்டு. 1983இல் வந்த கொர்க் பாலி-800இல் பொத்தான்களே இருக்கும், ஆனாலும் அதன் ஃபில்டர் அனலாக்தான். எட்டுக் குரல்களுக்கும் (ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய சுரங்களுக்கும்) சேர்த்து ஒரே ஒரு ஃபில்டர் என்பது அதன் குறையும் குணமும்.

முதல்முறை வாங்குபவர் மினிமூக், ப்ராஃபெட்-5 போன்றவற்றின் பக்கம் போக வேண்டாம் என்பதே என் கருத்து. அவற்றின் விலையில் இங்கே ஒரு கிணறே வெட்டிவிடலாம். நான் பரிந்துரைப்பவை இரண்டு. ஒன்று, ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டுமே பாடும் ரோலண்டு எஸ்.எச்.-101. 32 கட்டைகளும் ஒரே ஆசிலேட்டரும் கொண்ட அந்தக் கருவியின் ஒலிப்பாதை முழுவதும் முகப்பிலேயே இடமிருந்து வலமாக எழுதியிருக்கும். அதன் ஆசிலேட்டரின் இதயமான சி.இ.எம்.3340 சிப்பை 2016 முதல் மறுபடியும் தயாரிக்கிறார்கள் என்பதால் உதிரிப் பொருளுக்கு அலைய வேண்டியதில்லை. மற்றொன்று, 1984இல் வந்த ஆறு குரல் கருவியான ரோலண்டு ஜூனோ-106. இதன் ஆசிலேட்டரும் அனலாக் அலையைத்தான் தருகிறது. ஆனால் அதன் வேகத்தை ஒரு டிஜிட்டல் கடிகாரம் கட்டுப்படுத்துவதால் வெயிலிலும் சுருதி விலகாது. கொர்க் பாலிசிக்ஸ் ஒலியில் ஒரு படி மேல் என்று சொல்பவர்கள் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. அதன் பேட்டரிக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

பழைய கருவியை வெளி உபகரணங்களோடு இணைக்க நினைப்பவர் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான பொது மொழியான மிடி 1983இல்தான் வந்தது. அதற்கு முந்தியவற்றில் மின்னழுத்தத்தாலேயே பேச வேண்டும். அதிலும் ரோலண்டும் மூக்கும் ஒரு ஸ்தாயிக்கு ஒரு வோல்ட் என்ற கணக்கைப் பின்பற்ற, கொர்க் எம்.எஸ்.-20 போன்றவை ஸ்தாயிக்கு ஸ்தாயி மின்னழுத்தம் இரட்டிக்கும் வேறொரு கணக்கைப் பின்பற்றுகின்றன. இரண்டையும் நேரடியாகக் கோத்தால் சுருதி சேராது.

எங்கே கிடைக்கும்

கடைகளைவிட மனிதர்களிடம் தேடுவதே பலன் தரும். கோயில் திருவிழாக்களில் வாசித்து ஓய்ந்த மெல்லிசைக் குழுக்காரர்கள், பழைய தேவாலயப் பாடகர் குழுக்கள், வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ திரும்பியபோது ஒன்றைத் தூக்கிவந்து பரணில் ஏற்றிவிட்ட குடும்பங்கள், மூடப்பட்ட ஒலிப்பதிவுக் கூடங்கள் என்று பட்டியல் நீளும். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிக் கேரளத்திலும் விசாரிக்கலாம். விற்பவருக்கு அதன் மதிப்புத் தெரியாமல் இருக்கலாம். தெரிந்ததைவிட அதிகமாகத் தெரிந்ததாக அவர் நினைத்துக்கொண்டும் இருக்கலாம். எதுவாயினும், புறப்படுவதற்கு முன் பின்பக்கத் தகட்டின் படத்தையும், ஒவ்வொரு கட்டையையும் வரிசையாக அழுத்திக்காட்டும் ஒரு வீடியோவையும் கேட்டு வாங்குங்கள்.

ஜப்பானிலிருந்து நேரடியாக இணையத்தில் வாங்கிவிடலாமே என்ற ஆசை எல்லோருக்கும் வரும். மூலதனப் பொருள் அல்லாத பழைய பொருட்களின் இறக்குமதி, நம் வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையில் கட்டுப்படுத்தப்பட்ட வகையைச் சேர்ந்தது. அதற்குத் தனி அனுமதி வேண்டும். சுங்கத்தில் பெட்டி தேங்கிக் கிடக்கும்போது விற்றவருக்குக் கடிதம் எழுதிப் பயனில்லை. பணம் அனுப்பும் முன்பே ஒரு சுங்க முகவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பார்க்கப் போகும் நாள்

கையில் கொண்டுபோக வேண்டியவை: காதில் முழுதாகப் பொருந்தும் ஹெட்ஃபோன், அதைப் பெரிய ஜாக் துளையில் பொருத்தும் சிறு இணைப்பான், மல்டிமீட்டர், டார்ச்சு, நட்சத்திர ஸ்குரூ டிரைவர், சுருதி காட்டும் செயலி உள்ள கைபேசி. அரை மணி நேரம் போதும் என்று நினைத்துப் போகாதீர்கள். பொழுதோடு போய், கொடுக்கும் காபியைக் குடித்து, ஒன்றரை மணி நேரமாவது இருங்கள். அனலாக் கருவி சூடேறிய பிறகு காட்டும் முகம் வேறு. பல கோளாறுகள் இருபது நிமிடம் கழித்தே வெளியே வரும். முடிந்தால் நீங்கள் போகும் முன்பு கருவியை ஆன் செய்து வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். குளிர்ந்த நிலையில் எப்படித் தொடங்குகிறது என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

முதலில் கட்டைகள். கீழ்க்கோடியிலிருந்து மேல்கோடி வரை ஒவ்வொன்றையும் மெதுவாக ஒருமுறையும் வேகமாக ஒருமுறையும் அழுத்துங்கள். ஒன்றிரண்டு ஊமையாக இருந்தால் பெரும்பாலும் அடியிலுள்ள தொடுபரப்பில் அழுக்கு ஏறியிருக்கும். அது பெரிய நோயல்ல, ஆனால் பேரத்துக்கு உதவும். சீரான இடைவெளியில் எட்டுக்கு ஒன்று என்று வரிசையாக ஊமையாக இருந்தால், கட்டைகளைப் படிக்கும் சுற்றில் ஒரு தடம் அறுந்திருக்கலாம் என்று கொள்ளுங்கள்.

அடுத்தது ஸ்லைடர்களும் குமிழ்களும். ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டே ஒவ்வொன்றையும் அடி முதல் முடி வரை நகர்த்துங்கள். நகர்த்தும்போது மட்டும் கரகரப்பு வந்தால் தூசி. நகர்த்தாதபோதும் ஒலி தானாக எகிறினால் உள்ளே தேய்ந்திருக்கிறது, மாற்ற வேண்டும். ஃபில்டர் சீவும் இடத்தைக் கூர்மையாகத் தூக்கிக்காட்டும் ரெசோனன்ஸ் குமிழை முழுவதும் ஏற்றுங்கள். ஜூனோவிலும் எஸ்.எச்.-101இலும் ஃபில்டர் தானாகவே விசில் அடிக்கத் தொடங்க வேண்டும். அடிக்கவில்லையென்றால் அந்தச் சுற்றில் ஏதோ ஒன்று குறைபட்டிருக்கிறது.

சுருதிச் சோதனையை அவசரப்படாமல் செய்யுங்கள். கருவி அரை மணி நேரம் ஓடிய பிறகு, நடு ஸ்தாயியின் ஒரு ஸட்ஜத்தைச் செயலியில் சரியாக வைத்து, அதே ஸட்ஜத்தை மேலும் கீழும் மற்ற ஸ்தாயிகளில் ஒலித்துப் பாருங்கள். மேலே போகப் போக ஒரே பக்கமாகச் சிறிது சிறிதாக விலகினால், ஸ்தாயிக்கு ஒரு வோல்ட் என்ற அளவு கலைந்திருக்கிறது; உள்ளே இருக்கும் சிறு திருகைக் கைப்பழக்கமுள்ள ஒருவர் திருத்திவிடுவார். தொட்ட இடத்திலேயே நில்லாமல் அலைந்தால் சிப்போ மின்வழங்கலோ கெட்டிருக்கலாம். அந்தக் கருவியை விலைக்காக மட்டும் எடுக்காதீர்கள்.

ஜூனோ-106 பார்க்கிறீர்கள் என்றால் இன்னொரு வித்தை தெரிந்திருக்க வேண்டும். கீ டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஆன் செய்தால் கருவி சோதனை நிலைக்குப் போகும். அதன் பிறகு கட்டையை அழுத்த அழுத்த எந்தக் குரல் பேசுகிறது என்ற எண்ணைத் திரை காட்டும். ஆறு குரல்களும் ஒன்றுபோல ஒலிக்க வேண்டும். அவற்றின் ஃபில்டரையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒன்றாக அடக்கிய 80017ஏ என்னும் சிறு பலகை, மேலே பூசப்பட்ட பிசின் பூச்சின் காரணமாகக் காலப்போக்கில் கெடுவது ஊரறிந்த விஷயம். கெட்ட குரல் படபடக்கும், அல்லது கட்டையை விட்ட பிறகும் அடங்காமல் முனகும், அல்லது பேசவே பேசாது. அசிட்டோனில் ஊறவைத்துப் பூச்சைக் கழற்றிப் பிழைக்க வைப்பவர்கள் உண்டு; புதிதாகச் செய்யப்பட்ட மாற்றுப் பலகைகளும் கிடைக்கின்றன. ஒன்று கெட்டிருந்தால் மற்ற ஐந்தும் அதே வயது என்பதை நினைத்து விலை பேசுங்கள். ஒலியை இரட்டித்து அகலமாக்கும் கோரஸ் பொத்தானை அழுத்தும்போது வரும் மெல்லிய இரைச்சலைக் கண்டு பயப்பட வேண்டாம். அது பிறவிக் குணம்.

விலை முடிந்ததும் தொடர் எண்ணைக் குறிப்பிட்டு ஒரு துண்டுச் சீட்டாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். லாரி பார்சலில் போட வேண்டி வந்தால், திருப்பூர்ப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் பனியன் வேஸ்டைச் சுற்றிலும் அமுக்கி வையுங்கள். அதைவிட நல்ல மெத்தை வேறில்லை.

நூறு வோல்ட்

நான் ஜூனோ வாங்கியது, சேலத்துப் பக்கம் திருவிழா மேடைகளில் முப்பது ஆண்டுகள் வாசித்து ஓய்ந்த ஒரு பெரியவரிடம். அவர் வீட்டில் அது தேனாக ஒலித்தது. மேலே நான் சொன்ன சோதனைகளில் பாதியை அன்று செய்தேன். மேசைக்கு அடியில் குனிந்து பார்ப்பதை மட்டும் செய்யவில்லை. அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு சிறு இரும்புப் பெட்டி இருந்திருக்கிறது. அவர் அதை மின்விசிறி ரெகுலேட்டர்போல வீட்டோடு சேர்ந்த பொருளாகவே நினைத்துப் பழகிவிட்டதால் எடுத்துத் தரவில்லை, நானும் கேட்கவில்லை. பல்லடத்தில் என் வீட்டுக்கு வந்து சுவரில் நேராகச் சொருகினேன். ஒரு சிறு உறுமல், பிறகு வார்னிஷ் கருகும் வாடை. பின்பக்கத் தகட்டில் 100 வோல்ட் என்று பொறித்திருந்ததை அதற்குப் பிறகு, டார்ச்சு அடித்துப் படித்தேன்.

ஜப்பான் நாட்டுக்குள் விற்ற கருவிகள் 100 வோல்ட்டுக்கும், அமெரிக்காவில் விற்றவை ஏறத்தாழ 120 வோல்ட்டுக்கும் செய்யப்பட்டவை. நம்முடையது 230 வோல்ட். எனவே தகட்டைப் படிக்காமல் எதையும் சொருகாதீர்கள். விற்பவரிடம் "இதனோடு நீங்கள் இணைத்து வைத்திருக்கும் எல்லாப் பெட்டியையும் காட்டுங்கள்" என்று கேளுங்கள். கடைகளில் அமெரிக்கப் பொருட்களுக்காக விற்கும் 110 வோல்ட் ஸ்டெப் டவுன் பெட்டி, அதாவது மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் பெட்டி, ஜப்பான் கருவிக்கு முழுப் பொருத்தமல்ல. பத்து விழுக்காடு கூடுதலாகப் போகும். அந்தக் கூடுதல் முழுவதும் உள்ளிருக்கும் ரெகுலேட்டரில் சூடாகத் தங்கும். அதோடு, தறிகள் நின்றுபோன இரவில் எங்கள் பகுதியில் சுவர் மின்னழுத்தமே 250ஐத் தொடுவதுண்டு.

இந்த இடத்தில்தான் கொங்கு நாட்டில் இருப்பதன் பலன் தெரிகிறது. பம்பும் மோட்டாரும் கிரைண்டரும் செய்து வளர்ந்த ஊர்களில் காயில் கட்டும் பட்டறை இல்லாத கடைவீதியே கிடையாது. ஒரு பட்டறைக்காரரிடம் கருகிய ட்ரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் சிந்தசைசரைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. "உள்ள எத்தன வோல்ட்டு போகோணுமுங்க, வெளிய எத்தன வரோணுமுங்க?" என்று மட்டும் கேட்டார். சர்வீஸ் கையேட்டிலிருந்து எழுதிக்கொண்டுபோன சீட்டைக் கொடுத்தேன். "அப்ப எதுக்குங்க நடுவுல இன்னொரு பொட்டி? நம்மூரு கரண்டுக்கே கட்டிப்போடறனுங்க" என்றார். முதல்நிலைச் சுற்றை 230 வோல்ட்டுக்குக் கட்டி, இரண்டு சுற்றுகளுக்கும் நடுவே காப்புத் தாளைப் புதிதாகச் சுற்றி, காப்பை அளக்கும் மெக்கர் கருவி வைத்துச் சோதித்துக் கொடுத்தார். அன்று முதல் என் ஜூனோ நேராகச் சுவரில் சொருகும் கருவி. பின்னால் பெரிய எழுத்தில் அதை எழுதி ஒட்டியிருக்கிறேன். நாளை வேறொருவர் கைக்குப் போகும்போது அவர் என்னைப்போல் முழிக்கக் கூடாது.

நல்ல நிலையில் உள்ள ட்ரான்ஸ்ஃபார்மரை இதற்காகப் பிரிக்கச் சொல்லமாட்டேன். அதற்கு 230க்கு 100 என்று தனியாக ஒரு ஸ்டெப் டவுன் கட்டச் சொல்லுங்கள். இத்தகைய கருவி சில பத்து வாட் மட்டுமே எடுக்கும் என்பதால் 100 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) அளவு தாராளம். ஆட்டோ ட்ரான்ஸ்ஃபார்மர் மலிவு என்பார்கள். வேண்டாம், இரண்டு சுற்றும் தனித்தனியாக இருக்கும் வகையையே கேளுங்கள். கருவியைத் தொடும்போது விரலில் சுருக்கென்று இழுத்தாலோ, ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் உறுமல் தொடர்ந்து கேட்டாலோ, வாசிப்பதை நிறுத்திவிட்டு வீட்டின் எர்த்தை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

திறப்பதும் துடைப்பதும்

பிளக்கைக் கழற்றிச் சிறிது நேரம் விட்ட பிறகே மூடியைத் திறக்க வேண்டும். மின்வழங்கல் பலகையின் பக்கம் கை போகவே வேண்டாம். அதை அளக்க வேண்டியிருந்தால் தெரிந்தவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். திறந்ததும் முதலில் தேட வேண்டியது பேட்டரி. பாலிசிக்ஸ் போன்ற 1981 காலத்துக் கருவிகளில் நினைவகத்துக்காகச் சாலிடர் செய்யப்பட்ட நிக்கல் கேட்மியம் பேட்டரி இருக்கும். அது கசிந்தால் வரும் காரம், பலகையின் செப்புத் தடங்களைக் கரையான்போல அரித்துவிடும். பச்சையோ வெண்மையோ பூத்திருந்தால் பேட்டரியை உடனே வெட்டி எடுத்துவிட்டு, வினிகரில் தோய்த்த பஞ்சால் காரத்தை முறித்து, பிறகு ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் கழுவித் துடைக்க வேண்டும். அரிப்பு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான் தெரியும். பாலிசிக்ஸ் வாங்குபவர் மூடியைத் திறந்து இந்தப் பலகையைப் பார்க்காமல் முன்பணம்கூடக் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். ஜூனோ-106இல் இருப்பது லித்தியம் பேட்டரி. அது இவ்வளவு கொடுமை செய்யாது. அதை மாற்றும் முன் உள்ளே இருக்கும் 128 ஒலிகளை டேப் துளை வழியாகக் கணினியில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள், சுருக்காத ஒலிக்கோப்பாக.

நம் பகுதிக் கருவிகளுக்கே உரிய ஒரு நோய் பஞ்சு. நூற்பாலையும் தறியும் பனியன் கம்பெனியும் சூழ்ந்த ஊர்களில் பத்து ஆண்டு இருந்த கருவியைத் திறந்தால், கட்டைகளுக்கு அடியில் மெல்லிய வெண்படலம் படிந்திருக்கும். அது கட்டைத் தொடுபரப்பை ஊமையாக்கும். ஸ்லைடர்களில் புகுந்து எண்ணெய்ப் பசையோடு சேர்ந்து களிம்பாகும். மென்மையான தூரிகையால் கிளப்பி, வாக்குவம் கிளீனரைச் சற்றுத் தள்ளிப் பிடித்து உறிஞ்சுங்கள். ஊதாதீர்கள், ஊதினால் அது இன்னும் ஆழமாகப் போய் உட்காரும். மூட்டை கட்டப் பயன்பட்ட பனியன் வேஸ்டை உள்ளே துடைக்கப் பயன்படுத்தினால் எடுத்ததைவிட அதிக நூலை விட்டுவிட்டு வருவீர்கள். ஸ்லைடர்களுக்குப் பிளாஸ்டிக்கைப் பாதிக்காத காண்டாக்ட் கிளீனர் மட்டுமே. துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் எண்ணெயை அடித்து, நல்ல ஸ்லைடர்களைப் பாழாக்கியவர்களை எனக்குத் தெரியும்.

காதுக்குப் பாடம்

இனி ஆராயும் வேலை. முதல் வாரம் ஒரே ஒரு ஒலியை வைத்துக்கொண்டு பழகுங்கள். கோரஸை அணைத்துவிட்டு, வாள்பல் அலையை மட்டும் தேர்ந்தெடுத்து, ஃபில்டரை முழுவதும் திறந்து ஒரு சுரத்தைப் பிடியுங்கள். காதைக் குத்துவதுபோல் இருக்கும். இப்போது ஃபில்டரை மெல்ல மெல்ல மூடுங்கள். ஒளிர்வு குறைந்து, குழல்போல் உருண்டு, கடைசியில் சுவருக்கு அப்பால் கேட்கும் முனகலாகி மறையும். ரெசோனன்ஸைப் பாதியில் வைத்து மறுபடியும் அதையே செய்தால், மேற்சுரங்கள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துவிட்டுப் போவதைக் கேட்கலாம். இந்த ஒரு குமிழுக்கு இரண்டு மாலைப்பொழுதுகள் கொடுத்தவருக்கு மற்றவை தானாக விளங்கும்.

அடுத்து என்வலப். தொடக்கம், தணிவு, நிலை, ஓய்வு என்ற நான்கு ஸ்லைடர்களும் ஒலியின் பிறப்பு முதல் மறைவு வரையான கணக்கு. ஒலி எப்போது வருகிறது என்பதை மட்டுமல்லாமல் ஃபில்டர் எப்போது திறக்கிறது என்பதையும் இவை ஆள்கின்றன என்று புரிந்த நாளில்தான் கருவி நமக்கு வசப்படத் தொடங்குகிறது.

இதற்குப் பயிற்சியாக நான் வைத்துக்கொண்டது உடுக்கை. அண்ணன்மார் கதையை உடுக்கையடித்துப் பாடக் கேட்டு வளர்ந்த காதுக்கு அதன் ஒலி தனியே பதிந்திருக்கும். அடித்த கையோடு இடை வாரை இறுக்கும்போது சுருதி சட்டென்று மேலேறி வளையும். ஜூனோவில் ஆசிலேட்டர் அலைகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ரெசோனன்ஸை முழுவதும் ஏற்றினால் ஃபில்டர் தானே பாடும். என்வலப்பின் தொடக்கத்தையும் நிலையையும் அடியில் வைத்து, தணிவைச் சிறிதளவே கொடுத்து, அந்த என்வலப்பால் ஃபில்டரைக் கொஞ்சமாக ஆட்டுங்கள். தட்டினால் 'டும்' என்று விழும் ஒலி வரும். தோலில் விரல் படும் சத்தத்துக்கு இரைச்சல் ஸ்லைடரைச் சற்றே உயர்த்துங்கள். இடது கைப் பக்கமுள்ள, ஒலியை வளைக்கும் பெண்டர் நெம்புகோலை ஃபில்டரோடு இணைக்கும் ஸ்லைடரை ஏற்றிவிட்டு, வலது கையால் தட்டி, இடது கையால் நெம்புகோலை வளைத்தால், இடை வாரை இறுக்கும் அந்த வளைவு கிடைத்துவிடும். அச்சு அசலாக வராது. ஆனால் அதைத் தேடும்போது ஃபில்டர், என்வலப், பெண்டர் மூன்றும் கைக்குப் பழகிவிடும்.

நாகசுரத்துக்குக் குறுகிய பல்ஸ் அலையை எடுத்து, ஜூனோவின் ஹைபாஸ் ஃபில்டரால் அடித்தட்டைச் சீவி, அதிர்வு தரும் எல்.எஃப்.ஓ. என்னும் மெதுவான ஆசிலேட்டரைத் தாமதித்து வரச் செய்ய வேண்டும். நீட்டிப் பிடித்த சுரத்தில் மட்டும் அசைவு தோன்றும். கமகத்தைக் கட்டைகளில் தேடாமல் பெண்டரில் தேடுங்கள்.

இரண்டு ஆசிலேட்டர் உள்ள எம்.எஸ்.-20 போன்ற கருவி கிடைத்தவருக்கு இன்னொரு சுகம் உண்டு. ஒன்றை 440 ஹெர்ட்ஸிலும் மற்றதை 441லும் வைத்தால் நொடிக்கு ஒரு முறை ஒலி ஏறி இறங்கும்; இடைவெளியைக் குறைக்கக் குறைக்க அந்த அலை நீண்டு, ஒன்றாகும் கணத்தில் நின்றுவிடும். இதே முறையில் இரண்டாவது ஆசிலேட்டரைப் பஞ்சமத்துக்குக் கொண்டுபோய், அதிர்வு அடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். அது 3க்கு 2 என்ற தூய பஞ்சமம். கட்டையில் இருக்கும் பஞ்சமம் அதைவிட ஒரு மயிரிழை தாழ்ந்தது. தம்புரா கேட்டுப் பழகிய காது அந்த மயிரிழையைப் பிடித்துவிடும். ஜூனோவில் இதைச் செய்ய முடியாது. அதன் ஆறு குரல்களும் ஒரே கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டவை. சுருதி விலகாத நன்மைக்கு நாம் கொடுக்கும் விலை அது.

சுருதி ஏன் வெயிலோடு நகர்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஸ்தாயிக்கு ஒரு வோல்ட் என்ற கணக்கை அதிர்வெண்ணாக மாற்றும் ட்ரான்சிஸ்டர் இணையின் குணம், அறை வெப்பநிலையில் ஒவ்வொரு செல்சியஸ் டிகிரிக்கும் ஏறத்தாழ 0.33 விழுக்காடு மாறுகிறது. அதைச் சரிக்கட்டும் சிறப்பு மின்தடை இல்லாவிட்டால், பத்து டிகிரி ஏறும்போது மூன்று ஸ்தாயி தொலைவில் சுரம் ஓர் அரைச்சுரத்துக்கும் மேல் விலகிவிடும். நல்ல கருவிகளில் அந்த மின்தடை உண்டு. என்றாலும் கரூர், ஈரோட்டு வெயிலில் ஜன்னலோரமாக வைத்த கருவியிடம் நியாயம் எதிர்பார்க்க முடியாது. வெயில் படாத சுவரோரம் வைத்து, வாசிப்பதற்கு அரை மணி நேரம் முன்பே ஆன் செய்துவிடுங்கள். ஆனித் தொடங்கிக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் கோயமுத்தூர், பொள்ளாச்சிப் பக்கத்தவர்களுக்கு இந்தக் கவலை பாதிதான்.

எங்கள் தெருவில் இரவு பகலாக ஓடும் விசைத்தறியையும் ஒருநாள் கருவியில் கட்டிப் பார்த்தேன். நிமிடத்துக்கு 150 தடவை அடிக்கும் தறி என்றால் நொடிக்கு இரண்டரை, எல்.எஃப்.ஓ.வை அந்த வேகத்தில் வைத்து, இரைச்சலை ஃபில்டர் வழியாக ஆட்டினால் பாதித் தறி வந்துவிடும். மீதிப் பாதிக்கு ஜன்னலைத் திறந்தால் போதும்.

கடைசியாக ஒரு கட்டுப்போட்ட நோட்டு. எஸ்.எச்.-101, எம்.எஸ்.-20 போன்றவற்றில் நினைவகம் கிடையாது. பிடித்த ஒலி கிடைத்தவுடன் முகப்பைக் கைபேசியில் படம் எடுப்பதோடு நிற்காமல், ஸ்லைடர்களின் இடத்தை நோட்டில் கோடு போட்டுக் குறியுங்கள். நினைவகம் உள்ள கருவிக்கும் அதே நோட்டின் பின்பக்கத்தை ஒதுக்கி, கோளாறுகளைத் தேதியோடு எழுதி வாருங்கள்: எந்தக் குரல், ஆன் செய்து எத்தனை நிமிடம் கழித்து, அறை எவ்வளவு சூடு, ஒலி போனதா கரகரத்ததா. என் ஜூனோவின் ஐந்தாவது குரல், சித்திரை மதியங்களில் மட்டும் நாற்பது நிமிடம் கழித்துப் படபடத்தது மூன்று முறை அந்த நோட்டில் பதிவாகியிருந்தது. பழுது பார்ப்பவர் அதைப் படித்துவிட்டு, மற்ற ஐந்தையும் தொடாமல், அந்த ஒரு 80017ஏ பலகையை மட்டும் கழற்றினார்.